வலிக்கு ஒரு பேரேடு

பதிவேடு என்பது நம் மக்களுக்குப் புதியதொன்றன்று. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களின் வாழ்க்கை பெரும்பாலும் ஏடுகளுக்குள்ளேயே நடந்து முடிந்தது எனலாம். விடியுமுன் பெரட்டில் பெயர் கூப்பிட்டு, வந்தவர் வராதவர் எனக் குறித்தனர். வெட்டிய மரத்திற்கு ஒரு கணக்கு, நிறுத்த பாலுக்கு ஒரு கணக்கு, கடையில் வாங்கிய அரிசிக்கு ஒரு கணக்கு என வாழ்ந்தோம். நோயுற்றவன் பெயரைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் எழுதினர். அந்த ஏட்டில் காய்ச்சலுக்கு இடம் இருந்தது, வயிற்றுப்போக்கிற்கு இடம் இருந்தது, பாம்புக்கடிக்கும் இருந்தது. 'எனக்கு வலிக்கின்றது' என்று ஒருவன் சொல்லி, வெளியே காயமோ வீக்கமோ தெரியாவிடில், அவன் வேலைக்குத் தகுதியானவன் என்றே குறிக்கப்பட்டான்.

போர்வீரர்களின் வலியை ஆராய்வதற்கென்றே நோயாளர் பதிவேடும் திசு வங்கியும் அமைக்கும் முயற்சிகள் உலகில் நடைபெற்று வருகின்றன. அவற்றைப் பற்றிக் கைக்குக் கிடைத்தவற்றையெல்லாம் சில ஆண்டுகளாகப் படித்து வருகின்றேன். பெர்ணம் ஆற்றங்கரையில், மீன்பிடிப் படகுகளுக்கும் செம்பனைக்கும் நடுவே அமைந்த ஹுத்தான் மெலிந்தாங்கில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியன் ஒருவனுக்கு இதில் என்ன நாட்டம் என்று நண்பர்கள் கேட்கின்றனர். காரணம் இரண்டு மனிதர்கள். ஒருவர் என் தாய்வழிப் பாட்டனார்; மற்றவர் என் பக்கத்து வீட்டுக்காரர். இருவரைப் பற்றியும் பின்னர்ச் சொல்வேன். முதலில் பொருள் இன்னதென்று தெளிவுபடுத்திவிடுகின்றேன்.

ஈண்டுப் பதிவேடு என்பது வெறும் பெயர்ப்பட்டியல் அன்று. காயம்பட்ட நாள், காயத்தின் இடம், செய்த அறுவை, கொடுத்த மருந்து, அதன்பின் வலி எவ்வாறு இருந்தது, உறக்கம் கெட்டதா, வேலைக்குத் திரும்ப முடிந்ததா என்பவற்றை ஒரே வகையான வினாக்களால் ஆண்டுக்கணக்கில் கேட்டு எழுதி வருவதே பதிவேடு. திசு வங்கி என்பது அதே மனிதனின் குருதியையும், அறுவையின்போது நீக்கப்பட்ட நரம்புத் துண்டையும், 3 மில்லிமீட்டர் அகலமே உள்ள தோல் துணுக்கையும் கெடாமல் காத்துவைக்கும் இடம். பதிவேட்டில் உள்ள சொல்லையும் வங்கியில் உள்ள குப்பியையும் ஓர் எண் பிணைத்து வைத்திருக்கும். பெயர் வேறொரு பெட்டகத்தில் பூட்டப்பட்டிருக்கும்.

இரண்டும் எதற்கு? வலி நுண்ணோக்கியின் கீழ்த் தெரியும் பொருள் அன்று. வெட்டுண்ட நரம்பின் முனை, வழி தேடி முளைத்து, முடிச்சாகத் திரண்டுவிடுவது உண்டு. அம்முடிச்சை மருத்துவர் கண்ணால் காண்பார். ஆயினும் ஒரே அளவான முடிச்சு உடைய இருவரில் ஒருவன் நிம்மதியாக உறங்குவான். மற்றவன் இரவெல்லாம் துடிப்பான். அந்த வேற்றுமையை அறிய வேண்டுமாயின் முடிச்சும் வேண்டும். அதற்குரியவன் வாய்மொழியும் வேண்டும். ஒருவர் இருவரிடம் பெற்றதும் போதாது. ஆயிரக்கணக்கானோரிடம் பெற்று ஒப்பிட்டால்தான், எந்த மரபணு, எந்த அழற்சிப் பொருள், எந்தச் சிகிச்சை எவனுக்கு உதவும் என்று ஒரு வழி புலப்படும்.

நம் இலக்கியம் பயின்றவர்களுக்குப் போர்க்காயம் அந்நியமான செய்தி அன்று. முகத்திலும் மார்பிலும் ஏற்ற புண்ணை விழுப்புண் என்று போற்றினோம். பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில் பரணர், வீரர்களின் புண்ணைத் தைக்கும் வெள்ளூசிக்கு, நீருள் பாய்ந்து மேலெழும் சிரல் பறவையை உவமை காட்டினார். புறநானூற்றில் அரிசில்கிழார், காயமுற்றவன் கிடக்கும் மனையில் வேப்பிலை செருகி, வெண்சிறுகடுகு தூவி, மணியடித்துக் காஞ்சி பாடிக் காத்த மக்களைக் காட்டினார். இறந்துபட்டவனுக்கோ நடுகல் இருந்தது. இத்தனையும் இருந்தும், தைத்த புண் ஆறிய பிறகு இருபதாண்டு தொடர்ந்த வலியைப் பாடிய புறப்பாட்டு எதையும் நான் வகுப்பில் நடத்தியதில்லை. வீரன் வலியைச் சொல்வது அழகன்று என்ற எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியிருந்தது. இதில் நாம் மட்டும் தனித்தவர்கள் அல்லர். எல்லா நாட்டுப் படைகளிலும் இதே எண்ணம்தான்.

அதை முதலில் உடைத்தவர்களுள் ஒருவர் வெயர் மிட்செல் என்னும் அமெரிக்க மருத்துவர். அந்நாட்டின் உள்நாட்டுப் போரின்போது, பிலடெல்பியா நகரில் டர்னர்ஸ் லேன் என்ற இடத்தில் நரம்புக் காயங்களுக்கென்றே ஒரு மருத்துவமனை நடந்தது. குண்டு பாய்ந்து நரம்பு சிதைந்த வீரர்களை அங்கே திரட்டினர். மிட்செலும் மோர்ஹவுஸ், கீன் ஆகிய இரு தோழர்களும் ஒவ்வொருவன் படுக்கையருகிலும் அமர்ந்து அவன் சொன்னதைச் சொன்னபடியே குறிப்பேட்டில் எழுதினர். 1864இல் அது நூலாக வந்தது. புண் ஆறிய பின்னும் கையும் காலும் தீயிலிட்டாற்போல் எரிகின்றன என்று சொன்ன வீரர்களை அவர்கள் பொய்யர் என்று தள்ளவில்லை. அவ்வீரர்களுள் சிலர் கையில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டே இருந்தனர்; காலணிக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நடந்தவரும் உண்டு. அந்த எரிவுக்குக் 'காசால்ஜியா' என்று மிட்செல் பெயரிட்டார். வெட்டப்பட்ட உறுப்பு இன்னும் இருப்பதாகத் தோன்றி வலிப்பதையும் அவரே எழுதி, 'மாய உறுப்பு' என்று குறித்தார்.

எனக்கு இவற்றினும் வியப்பளிப்பது அதன்பின் நடந்ததுதான். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து மிட்செலின் மகன் ஜான் மிட்செல், தந்தையின் குறிப்பேட்டில் இருந்த பழைய வீரர்களைத் தேடிப்பிடித்து, அவர்கள் நிலை இப்போது எவ்வாறு உள்ளது என்று ஆராய்ந்து 1895இல் நூல் எழுதினார். தந்தை எழுதிவைத்த பெயரும் காயமும் இல்லையேல் மகனால் எவரைத் தேட இயலும்? நோயாளர் பதிவேடு என்று இன்று சொல்லப்படுவதன் உயிர்நாடி, அந்த முப்பது ஆண்டுகளைக் கடந்து சென்று மீண்டும் கேட்ட கேள்வியில் இருக்கின்றது.

திசுவைக் காத்துவைக்கும் பெருமுயற்சி ஒன்றும் அதே போரில் பிறந்ததே. 1862இல் படைத் தலைமை மருத்துவர் ஹாமண்ட், போர்க்களத்து அறுவைகளில் நீக்கப்படும் எலும்புகளையும் குண்டுகளையும் வாஷிங்டனுக்கு அனுப்பிவைக்குமாறு ஆணையிட்டுப் படை மருத்துவ அருங்காட்சியகத்தை நிறுவினார். பின்னாளில் அது மிகப் பெரிய திசுக் களஞ்சியமாக வளர்ந்தது. 1918ஆம் ஆண்டின் கொள்ளைக் காய்ச்சலில் இறந்த படைவீரர் ஒருவரின் நுரையீரல் துணுக்கு அங்கே பாரபின் மெழுகில் பொதிந்து கிடந்தது. ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழித்து, 1997இல், டாபன்பர்கரின் குழுவினர் அதிலிருந்து அக்கிருமியின் மரபணுத் துண்டுகளைப் படித்து வெளியிட்டனர். மெழுகில் பொதித்தவர் இதை எண்ணியும் பார்த்திருக்க மாட்டார். திசு வங்கியின் பயன் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: வைப்பவர் ஒருவர், எடுப்பவர் இன்னும் பிறக்காத வேறொருவர்.

இடையில் ஒரு செய்தி. இரண்டாம் உலகப்போரில் இத்தாலியக் களத்தில் பணியாற்றிய பீச்சர் என்னும் மருத்துவர், கடுங்காயமுற்றவர்களிடம் 'வலிக்கு மருந்து வேண்டுமா' என்று ஒவ்வொருவராகக் கேட்டார். நான்கில் மூன்று பங்கினர் வேண்டாமென்றனர். 1946இல் இதை அவர் எழுதியபோது மருத்துவ உலகம் திகைத்தது. காயத்தின் அளவு வேறு, வலியின் அளவு வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை. வலியின் அளவை அறிய, உரியவனைக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

இனி என் பாட்டனாரைப் பற்றிச் சொல்லலாம். ஜப்பானியர் ஆட்சியில் தோட்டத்திலிருந்து சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டவர்களுள் அவரும் ஒருவர். திரும்பி வந்த சிலருள்ளும் ஒருவர். நான் சிறுவனாக இருந்த அறுபதுகளில், இரவு நேரங்களில் லயத்து வீட்டுப் பின்வாசலில், தண்ணீர் நிறைந்த வாளிக்குள் இரண்டு கால்களையும் விட்டபடி அவர் அமர்ந்திருப்பார். சில நாள் ஈரச்சாக்கை உள்ளங்காலில் சுற்றிக்கொள்வார். 'கால் காந்துதுடா' என்பார். தைலம் தேய்த்தால் கூடுமே தவிரக் குறையாது. காலைப் பார்த்த மருந்துக்காரர், புண்ணும் இல்லை, வீக்கமும் இல்லை, வயதானால் அப்படித்தான் என்று அனுப்பிவிட்டார். பின்னாளில் மிட்செலின் வீரர்களைப் பற்றிப் படித்தபோது, அந்த ஈரத்துணியில் என் பாட்டனாரின் ஈரச்சாக்கை நான் கண்டேன். இருவர் நோயும் ஒன்றன்று. ஆனால் இருவர் கையும் தண்ணீரையே நாடியது.

பாட்டனாரின் நோய்க்கும் ஒரு வரலாறு உண்டு. முதல் ஆங்கில பர்மியப் போர்க்காலத்தில், பர்மாவில் இருந்த இந்தியச் சிப்பாய்களிடையே உள்ளங்கால் எரியும் நோயைக் கண்டு 1826இல் எழுதியவர் கிரியர்சன் என்பவர். அதன்பின் நூறாண்டுக்கும் மேலாக அதைப் பெரிதாக எவரும் பொருட்படுத்தவில்லை. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியரிடம் சிறைப்பட்ட நேசநாட்டு வீரர்களிடையே அது மீண்டும் எழுந்தது. உறங்க முடியாமல் இரவெல்லாம் முகாமைச் சுற்றிச் சுற்றி நடந்த அவ்வீரர்கள், கைப்பு நிறைந்த நகைச்சுவையோடு அதை 'மகிழ்ச்சிப் பாதம்' என்று அழைத்தனர். சிறையிலிருந்த படை மருத்துவர்கள், கிடைத்த தாள்களில், அகப்பட்டால் தண்டனை என்று தெரிந்தும், யார் யாருக்கு என்று எந்தக் கால் எரிந்தது என்பதை எழுதி ஒளித்துவைத்தனர். போர் முடிந்ததும் அக்குறிப்புகள் மருத்துவ இதழ்களில் கட்டுரைகளாயின.

அதே 1946இல், நீலகிரிக் குன்னூரின் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய கோபாலன், இந்திய மருத்துவ இதழொன்றில் இந்நோயைப் பற்றி எழுதினார். அவர் சேலத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். தம் நோயாளிகளின் உணவையும் எரிச்சலையும் குறித்துக்கொண்டு, 'பி' வகை உயிர்ச்சத்துகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்து, பான்டோதெனிக் அமிலம் பயன் தந்ததைக் காட்டினார். மருத்துவ நூல்களில் இந்நோய்க்குக் கிரியர்சன் பெயரோடு கோபாலன் பெயரும் சேர்ந்து வழங்குவது இதனாலேயே. புண்ணும் வீக்கமும் இல்லை என்று தள்ளப்பட்ட வலிக்கு, உணவுக் குறையில் காரணம் இருந்தது. என் பாட்டனார் வாளியில் கால் வைத்திருந்த காலத்தில் அந்த விளக்கம் அச்சாகி இருபதாண்டு ஆகியிருந்தது.

அரிசியைப் பற்றி ஒன்று சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. இந்நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், மலாயாவில் தீட்டிய சயாம் அரிசி உண்டவர்களைப் பெரிபெரி கூட்டம் கூட்டமாகக் கொன்றது. புழுங்கல் அரிசி உண்ட தமிழர்களை அது பெரும்பாலும் அண்டவில்லை. யார் எந்த அரிசி உண்டனர், யார் நோயுற்றனர் என்று கணக்கு எடுத்ததனால்தான் பிராடன் என்னும் மருத்துவர் 1907இல் அரிசியைக் குற்றவாளி என்றார். கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் பிரேசரும் ஸ்டான்டனும் அடுத்த ஓரிரு ஆண்டுகளில், தவிட்டோடு போன சத்தே காரணம் என்னும் முடிவை நோக்கி வழிகாட்டினர். இந்த மண்ணில் நடந்த நோயாளர் பதிவு அது. நம் புழுங்கல் அரிசி உலக மருத்துவத்திற்குச் சான்று கூறியது. முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து அதே மக்களைச் சயாம் காட்டிற்குக் கொண்டுசென்று, தீட்டிய அரிசியைக் கஞ்சியாக ஊற்றினர்.

அந்த ரயில் பாதை 415 கிலோமீட்டர் நீளம். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. அதில் உழைத்த போர்க்கைதிகள் அறுபதாயிரத்திற்கும் மேற்பட்டோர். இறந்தோர் பன்னிரண்டாயிரத்திற்கும் மேல். அவர்களுக்குப் பெயர்ப்பட்டியல் உண்டு. காஞ்சனபுரியின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் உள்ளன. உயிரோடு திரும்பிய பிரிட்டன் வீரர்களை, 1946 முதல் அரை நூற்றாண்டுக்கு மேலாக, லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி அழைத்து அழைத்துச் சோதித்தது. முப்பதாண்டுக்குப் பின்னும் அவர்களுள் சிலரின் குடலில் அந்தக் காட்டின் புழு உயிரோடு இருந்தது. சிலரின் பாத நரம்புகள் மீளவேயில்லை. கேட்டதால் கண்டனர், கண்டதால் மருந்து கொடுத்தனர். நம் மக்களோ, அவர்களினும் கூடிய தொகையினர். அவர்களுள் இறந்தோர் எத்தனை பேர் என்பதில் நூலுக்கு நூல் பல்லாயிரம் வேறுபாடு. திரும்பி வந்தவர்களை எந்தப் பள்ளியும் அழைத்து, 'இன்று கால் எவ்வாறு இருக்கின்றது' என்று கேட்கவில்லை. அவர்கள் படைவீரர் அல்லர், கூலிகள் என்பதே காரணம். போர்வீரர் வலியை ஆராயும் பதிவேடு எதுவாயினும், போரால் வலியுற்றவர் அனைவரும் படைவீரராக இருக்க மாட்டார்கள் என்பதை அதை அமைப்போர் முதற்பக்கத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும் என்பேன்.

பக்கத்து வீட்டு அண்ணன் படைவீரராகவே இருந்தவர். கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியின் இரண்டாம் கட்டத்தில், எழுபதுகளின் நடுவில், கிரிக் காட்டில் ரோந்து சென்றபோது ஜெராங்காப் சாமார் ஒன்றை மிதித்து இடக்காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். 1989 டிசம்பரில் ஹாட்யாயில் உடன்படிக்கை கையெழுத்தாகிச் சண்டை ஓய்ந்தது. அண்ணனின் கால் மட்டும் ஓயவில்லை. இல்லாத பாதத்தின் பெருவிரல் உள்நோக்கி மடங்கி, நகம் உள்ளங்காலில் இறங்குவதாகச் சொல்வார். இதை அவர் தம் மனைவியிடம் பல ஆண்டுகள் சொல்லவில்லை. சொன்னால் பித்துப் பிடித்துவிட்டதென்று எண்ணுவாரோ என்ற அச்சம். பிறர் கேட்டால், மழைக்காலத்தில் கொஞ்சம் குடைச்சல் என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

இத்தகைய வலிக்குக் கண்ணாடி ஒன்று உதவும் என்று கண்டவர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற வி. எஸ். ராமச்சந்திரன் என்னும் நரம்பியல் அறிஞர். இரு கால்களுக்கு நடுவே கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் காலின் பிம்பத்தைப் பார்த்தபடி அதை அசைத்தால், இல்லாத காலும் அசைவதாக மூளை ஏற்கின்றது. மடங்கிய விரல் விரிகின்றது. இதை வால்டர் ரீட் படை மருத்துவமனையில் கால் இழந்த வீரர்களிடம் சோதித்து 2007இல் வெளியிட்டனர். சோதனைக்கு வந்தவர் 22 பேர். முடித்தவர் 18 பேர். நாள்தோறும் 15 நிமிடம், நான்கு வாரம் கண்ணாடியைப் பார்த்த குழுவில் அனைவருக்கும் வலி குறைந்தது. இதைப் படித்துக் காட்டியபின், என் வீட்டு அலமாரிக் கண்ணாடியைக் கழற்றி அண்ணனிடம் கொடுத்தேன். என் மனைவியிடம் அதற்காக வாங்கிய ஏச்சு இன்னும் முடிந்தபாடில்லை. அவருக்குச் சில நாள் விரல் விரிகின்றது; சில நாள் விரிவதில்லை. ஏன் சில நாள் மட்டும்? 18 பேரைக் கொண்டு இதற்கு விடை காண இயலாது. பதிவேடு வேண்டும் என்பதற்கு என் வீட்டுப் பின்கட்டிலேயே கிடைத்த சான்று இது.

இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் போரிட்டுத் திரும்பிய அமெரிக்க வீரர்கள் வலிக்கென உட்கொண்ட அபின்வகை மருந்துகளுக்கே அடிமையாவதைக் கண்டு, அந்நாட்டுப் படை மருத்துவத் தலைமை 2009இல் ஒரு வலிப் பணிக்குழுவை அமைத்தது. அதன் அறிக்கை 2010இல் வெளிவந்தது. அதன் தொடர்ச்சியாக 'பாஸ்டர்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் வலிப் பதிவேடு உருவானது. பூச்சியம் முதல் பத்து வரை எண் சொல்வதோடு நில்லாமல், வலி உறக்கத்தை, மனநிலையை, அன்றாட வேலையை எவ்வளவு கெடுக்கின்றது என்றும் அது கேட்கின்றது. இதற்குத் தனியே, அந்நாட்டுப் படையின் குருதிநீர்க் களஞ்சியத்தில் ஐந்து கோடிக்கும் மேற்பட்ட மாதிரிகள் உறைநிலையில் காக்கப்படுகின்றன. சொல்லையும் குருதியையும் இணைக்கும் பணியே இனி உள்ள பெரும்பணி.

அது எளிதன்று. வெட்டியெடுத்த நரம்பை மேசைமேல் அரைமணி நேரம் விட்டுவிட்டால் அதிலுள்ள நுண்பொருள்கள் சிதைந்து, வலியின் சான்றே மாறிவிடும். உடனே உறையவைக்க வேண்டும். எத்தனை நிமிடத்தில் உறைந்தது என்று எழுத வேண்டும். சுழியத்திற்குக் கீழே 80 பாகை குளிர்ப்பெட்டியிலோ, 196 பாகை குளிரும் திரவ நைட்ரஜன் தொட்டியிலோ வைக்க வேண்டும். மின்சாரம் நின்றால் எழுந்து ஓட ஓர் ஆள் இரவிலும் விழித்திருக்க வேண்டும். உறைபனியில் உதிராத சீட்டு ஒட்ட வேண்டும். சீட்டு உதிர்ந்த குப்பி வெறும் இறைச்சி. நம் நாட்டிற்கு இந்தத் தொழில் தெரியாததன்று. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் மூலக்கூறு மருத்துவ ஆய்வுக்கூடம், 2006 முதல் 2012 வரை 35 வயதுக்கும் 70 வயதுக்கும் இடைப்பட்ட 106,527 பேரைச் சேர்த்து, அவர்களின் குருதியைத் திசு வங்கியில் காத்து, நீரிழிவு முதலிய நோய்களை ஆராய்ந்து வருகின்றது. காயமுற்ற நம் படைவீரரின் வலிக்கும் இவ்வழி ஒன்று அமைக்கத் திறனும் உண்டு, ஆட்களும் உண்டு.

ஆனால் ஒரு தடை என்னை உறுத்துகின்றது. படைவீரன் ஆணைக்குக் கீழ்ப்படியப் பழகியவன். மேலதிகாரி முன்னால் நின்று, 'விருப்பமிருந்தால் கையெழுத்திடு' என்றால் அதில் விருப்பம் எங்கே இருக்கின்றது? தோட்டத்தில் தண்டல் நீட்டிய தாளில் பெருவிரல் ரேகை வைத்த நம் முன்னோரிடம் இதை விளக்க வேண்டியதில்லை. அமெரிக்கப் படையின் விதியில் இதற்கு ஒரு காப்பு உண்டு: இடர் மிகுந்த ஆய்வுக்கு வீரனைக் கேட்கும்போது அவன் மேலதிகாரிகள் அந்த இடத்தில் இருத்தல் கூடாது. நல்ல விதி. அதனினும் நுட்பமான அச்சம் ஒன்று உண்டு. தன் வலியை உண்மையாகச் சொன்னால் பணியிலிருந்து விலக்குவார்களோ, ஓய்வூதியத்தில் கைவைப்பார்களோ என்று வீரன் எண்ணினால் அவன் பதிவேட்டில் பொய்யையே எழுதுவான். ஆகவே, ஆய்வு ஏடு வேறு, பணி ஏடு வேறு, ஒன்றை மற்றொன்று பார்க்க இயலாது என்ற உறுதி வேண்டும்.

கொடுத்த திசுவை எதற்குப் பயன்படுத்துவார்கள் என்பதும் சிறிய கேள்வியன்று. அமெரிக்காவின் பெரும் பள்ளத்தாக்கில் வாழும் ஹாவசுபாய்ப் பழங்குடியினர், 1990களின் தொடக்கத்தில், நீரிழிவு ஆய்வுக்கென்று எண்ணிக் குருதி கொடுத்தனர். தங்களைக் கேளாமலே அதை மனநோய் பற்றியும் தங்கள் மூதாதையர் குடிபெயர்வு பற்றியும் ஆராய்ந்தது பின்னர் அவர்களுக்குத் தெரிந்தது. வழக்காடினர். 2010இல் உடன்பாடு ஏற்பட்டு, எஞ்சிய குருதிக் குப்பிகளைத் திரும்பப் பெற்றுத் தங்கள் ஊருக்கு எடுத்துச் சென்றனர். கொடுப்பவன் மொழியில், அவனுக்குப் புரியும் சொல்லில் எழுதாத ஒப்புதல் தாள் ஒப்புதல் ஆகாது.

இங்கேதான் தமிழாசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் வேலை இருக்கின்றது. மான்ட்ரியல் நகர்ப் பேராசிரியர் மெல்சாக், நோயாளிகள் வலியைச் சொல்லும் சொற்களைத் தேடித் திரட்டி, 78 சொற்களை 20 தொகுதிகளாக அடுக்கி, 1975இல் ஒரு வினாப்பட்டியலாக வெளியிட்டார். அச்சொற்றொகுப்பிற்கு அவரைத் தூண்டியவர்களுள் கால் இழந்து மாயவலியால் வருந்திய மூதாட்டி ஒருவரும் உண்டு. நோயாளி தேர்ந்தெடுக்கும் சொல்லே நரம்பு வலியையும் தசை வலியையும் பிரித்துக் காட்ட உதவுகின்றது. நம் நாட்டு மருத்துவமனையில் தமிழ் முதியவர் 'விண்விண்ணென்று தெறிக்கின்றது' என்றாலும், 'குடைகின்றது' என்றாலும், உடன் வந்த பேரப்பிள்ளை மருத்துவரிடம் சொல்வது 'சாக்கிட்' என்ற ஒரே சொல்தான். மலாய் மொழியைக் குறை சொல்வதற்கில்லை. அதில் 'ஙிலு' உண்டு, 'பெடிஹ்' உண்டு, 'செனாக்' உண்டு. பேரப்பிள்ளைக்கு இரண்டு மொழியிலும் அச்சொற்கள் தெரியாமல் போயின என்பதே துயரம்.

எஸ்.பி.எம். தமிழ் இலக்கியம் பயிலும் மாணவர் சிலரைக் கடந்த பள்ளி விடுமுறையில், ஊரிலுள்ள முதியவர்களிடம் சென்று வலிச் சொற்களைக் கேட்டு வரச் சொன்னேன். குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், பிடுங்கல், இசிவு, சுரீரென்றல், விண்விண்ணென்றல், நமநமப்பு, மதமதப்பு, நோவு, நோக்காடு என்று இரண்டு பக்கம் நிறைந்தது. எந்தச் சொல் எந்தத் தொகுதியில் அடங்கும் என்று பிரிப்பதில்தான் சிக்கல். கடுப்பு என்றால் தேள் கொட்டினாற்போன்றது என்றார் ஒரு பாட்டி. வேலை செய்து ஓய்ந்த கால் கடுப்பது வேறு என்றார் அவர் தங்கை. இருவரும் எங்கள் முன்னிலையிலேயே சண்டையிட்டுக்கொண்டனர். இரண்டையும் தனித்தனியே எழுதிக்கொள்ளும்படி மாணவர்களுக்குச் சொன்னேன்.

பட்டியலை அண்ணனிடம் எடுத்துச் சென்று, எரிச்சல் என்ற சொல்லுக்கு நேரே அடையாளமிடலாமா என்று கேட்டேன். "எரியலை வாத்தியாரே, காந்துது. எரியறது வெளியில இருந்து, காந்தறது உள்ளுக்குள்ள இருந்து" என்றார். அறுபதாண்டுக்கு முன் பின்வாசலில் நான் கேட்ட அதே சொல். பட்டியலில் அது இல்லை. மாணவர்களுக்கு எவரும் சொல்லவில்லை. சேர்த்துக்கொண்டோம்.

அப்படியொரு பதிவேடு இங்கே வந்தால் தோலும் குருதியும் கொடுப்பீர்களா என்று அவரைக் கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். கொடுப்பேன் என்றார், ஆனால் முகாமிலிருந்து எவரும் வந்து கேட்கக் கூடாது, மருத்துவர்தான் கேட்க வேண்டும், முடிவு என்ன ஆயிற்று என்று ஆண்டுக்கு ஒரு கடிதமாவது எழுத வேண்டும் என்றார். பெயரை எடுத்துவிட்டு எண் போடுவதில் அவருக்கு மறுப்பில்லை. படையில் அவருக்கு ஏற்கெனவே ஓர் எண் இருந்தது. அதை இன்றும் தடுமாறாமல் சொல்கின்றார்.